மண்ணையும் சூழலையும் சேர்த்துப் படிக்க எந்த வாசல்?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டல் அமர்வில், பழைய மாணவிகள் சங்கத்தின் புலமைப்பரிசிற் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

வைத்தியர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்தால், மருத்துவ பீடத்துக்கு எத்தனை இசட் புள்ளி வேண்டும் என்ற கதைதான் வரும் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல ரியூசன் வகுப்புகள் தாராளமாக இருக்கின்றன. நாங்கள் இன்று எடுத்துக்கொண்ட விடயம் வேறு.

நூற்றாண்டுப் புலமைப்பரிசில் நிதிக்கு இம்முறை வந்த விண்ணப்பங்களில் ஒன்று எங்கள் குழுவை இரண்டாகப் பிரித்துவிட்டது. "மட்பாண்டக் கலையையும் சுற்றாடற் கல்வியையும் ஒன்றாகப் படிக்க விரும்புகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் பொருத்தம்? சங்கம் உதவுமா?" என்று எங்கள் தங்கை ஒருத்தி எழுதியிருந்தாள். இந்த நிதியால் இதுவரை உதவிபெற்றவர்கள் மருத்துவமும் பொறியியலும் படித்தவர்கள். ஆகவே குழுவில் வந்த முதற் கேள்வி எதுவென்று நீங்கள் ஊகிக்கலாம்: "சட்டி முட்டி வனையிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை கம்பஸ்?"

அந்தக் கேள்வியை நாங்கள் சிரித்துக் கடந்து போகவில்லை. அதற்குள் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பிள்ளையின் வருமானத்தைப் பற்றிய நியாயமான கவலை. மற்றது, மண்ணைத் தொட்டு உழைப்பவரைக் கீழே வைத்துப் பார்க்கும் எங்கள் ஊரின் பழைய நோய். முதலாவதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு நூறு வயதான ஒரு பெண்கள் கல்லூரி இனியும் இடம் கொடுக்கக் கூடாது. கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் தோண்டி எடுத்த மட்பாண்டங்கள்தானே இந்தக் குடாநாட்டில் எங்கள் முன்னோர் வாழ்ந்த காலத்துக்குச் சாட்சி சொல்கின்றன?

இந்த இரண்டு பாடங்களும் ஏன் ஒன்றாகச் சேர்கின்றன என்பதை எங்கள் தொழிலின் பக்கத்திலிருந்து விளக்குகிறோம்.

களிமண்ணுடன் மரத்தூளையோ உமியையோ கலந்து பானையாக்கிச் சுட்டால், தூள் எரிந்துபோக, அது இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சும். அந்தப் பானையில் ஊற்றிய நீர் மெல்ல மெல்லக் கசியும்போது கிருமிகளிற் பெரும்பகுதி துளைகளில் தங்கிவிடும். கிருமி பெருகாமலிருக்க நுண் வெள்ளிக் கரைசலும் பூசுவார்கள். 1981 இல் குவாத்தமாலாவைச் சேர்ந்த பெர்னாண்டோ மசாரியெகோஸ் வடிவமைத்த வடிகட்டி இது. மின்சாரம் வேண்டியதில்லை, மணிக்கு ஒன்று முதல் மூன்று லீற்றர் வரை நீர் தரும். 'பொட்டர்ஸ் ஃபோர் பீஸ்' என்ற அமைப்பு இதைப் பல நாடுகளின் குயவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளை விடுதியிற் பார்த்த எவருக்கும் இந்தப் பானையின் பெறுமதி விளங்கும்.

ஆனால் இதே வடிகட்டியை எங்கள் குடாநாட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கிறது. மேலே இடும் உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் அதற்குள் எளிதில் இறங்கும். அதனாலே பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். மட்பாண்ட வடிகட்டி கிருமியைப் பிடிக்கும். நீரிற் கரைந்த நைத்திரேற்றைப் பிடிக்காது. அந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

வனையத் தெரிந்தவருக்கு அந்தப் பானையைச் செய்யத் தெரியும். சூழல் படித்தவருக்கு அந்தக் கிணற்றின் குறை தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், எந்த ஊருக்கு அந்தப் பானை போதும், எந்த ஊருக்கு அது வெறும் ஆறுதல் என்று அவரால் சொல்ல முடியும். எங்கள் தங்கை கேட்டது இந்த இரண்டையும்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மட்பாண்டத் தொழிலே சூழலைக் காயப்படுத்தக்கூடியது. ஆற்றங்கரைக் களியை அள்ளினால் குழி மிஞ்சும். வெண்களிக்குப் பொரலஸ்கமுவையும் மீட்டியாகொடையும், கண்ணாடி மணலுக்கு நாத்தாண்டியாவும், மெருகுப் பூச்சை வெண்மையாக்கும் சிர்கோனுக்குப் புல்மோட்டைக் கடற்கரையும் என்று இலங்கை வரைபடத்திலேயே இந்தத் தொழிலின் மூலப்பொருள்கள் பரந்து கிடக்கின்றன. சூளை விறகை அல்லது வாயுவை விழுங்கும். சாதாரண மண் பாண்டத்துக்கு ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸ் போதும். பீங்கானுக்கு 1,300 அளவில் வேண்டும். ஏறத்தாழ 600 பாகையைத் தாண்டிச் சுட்ட களி மீண்டும் களியாகாது. ஆகவே எதைச் சுடுவது, எதைச் சுடாமல் கரைத்து மறுபடி பிசைவது என்ற தீர்மானமே ஒரு சூழல் தீர்மானந்தான். இதைச் சிந்திக்கக் கற்றுத்தரும் இடம் எது என்பதுதான் இனிக் கேள்வி.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் கன்பராவிலும் உள்ள எங்கள் வகுப்புத் தோழிகளையும் சேர்த்துக்கொண்டு பல மாலைகள் தேடினோம். தேடியதில் வாசல்கள் நான்கு வகையாகத் தெரிந்தன.

முதலாவது, இரண்டு துறையும் ஒரே வளவுக்குள் இருக்கும் இடம். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள அல்ஃபிரட் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். 1900 இல் மாநில அரசு அங்கே மட்பாண்டக் கல்லூரியை நிறுவியது. இங்கிலாந்திலிருந்து வந்த சாள்ஸ் பின்ஸ் அதன் முதலாவது பணிப்பாளர். கலை மட்பாண்டமும் மட்பாண்டப் பொறியியலும் அங்கே அருகருகே வளர்ந்தன. அதே பல்கலைக்கழகத்தில் சுற்றாடற் கல்வியும் உண்டு. கலைப் பகுதி மாநில ஆதரவுடன் இயங்குவதால் நியூயோர்க்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. அங்கே குடியிருக்கும் அக்காமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இரண்டு துறையும் ஒரே வேலையாகவே நடக்கும் இடம். மினசோட்டாவில் சென் ஜோன்ஸ் பல்கலைக்கழகமும் பெண்களுக்கான சென் பெனடிக்ற் கல்லூரியும் இணைந்து கற்பிக்கின்றன. ஜப்பானின் கரட்சு மரபில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ரிச்சர்ட் பிரெஸ்னஹான் 1979 இல் அங்கே மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். களி அயலிலேயே எடுத்தது. விறகு அந்த வளவின் காட்டிலிருந்து. மெருகுக்கு அயற் பண்ணைகளின் கழிவுச் சாம்பல். 1994 இல் கட்டிய பெரிய விறகுச் சூளைக்கு, அவருக்குக் கற்பித்த அருட்சகோதரி ஜொஹானாவின் பெயரையே வைத்தார். ஆசிரியைக்கு மாணவர் செய்யக்கூடிய மரியாதை இதைவிட என்ன இருக்கிறது, ரீச்சர்மாரே?

மூன்றாவது, ஒன்று பலமாகவும் மற்றது பக்கத்துணையாகவும் இருக்கும் இடம். ஒகாயோவின் ஓபர்லின் கல்லூரி சுற்றாடற் கல்விக்குப் பெயர்பெற்றது. 2000 இல் திறந்த அதன் சுற்றாடற் கல்விக் கட்டடமே ஒரு பாடம். ஆனால் அங்கே மட்பாண்டத்தின் முக்கிய இடம் மாணவர்கள் தாங்களே கூட்டுறவாக நடத்தும் வனைகூடந்தான். அது மகிழ்ச்சியான இடமாக இருக்கலாம். பட்டப்பாடமாக இருக்குமென்று நினைத்துப் போகக் கூடாது. இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மட்பாண்ட, கண்ணாடி வடிவமைப்புப் பட்டம் உண்டு. அங்கே சூழல் என்பதை மாணவியே தன் செயற்றிட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவர முடியும் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. 1971 இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தை நிறுவிய இருவருள் ஒருவரான ரே மீக்கர், பச்சை மண் வீட்டைக் கட்டி, வீட்டையே சூளையாக்கி, உள்ளே செங்கற்களை அடுக்கிச் சுட்டுப் பரிசோதனை செய்தவர்.

நான்காவது, இரண்டு பட்டத்தை ஒன்றாகக் கட்டும் இடம். கன்பராவில் உள்ள அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகம் கட்புலக் கலையையும் சூழலையும் இரட்டைப் பட்டமாக இணைக்கும் முறைக்குப் பெயர்பெற்றது. ஒரு எச்சரிக்கை: சிறிய கலைக்கூடங்கள் செலவுக் குறைப்பு வரும்போது முதலில் மூடப்படுபவை. இங்கிலாந்தில் கடந்த சில பத்தாண்டுகளில் மட்பாண்டப் பட்டங்கள் பல நின்றுபோயின. ஆகவே நாங்கள் இன்று சொன்ன எந்த இடமானாலும், உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் அந்தப் பாடம் நடக்கிறதா, அவள் முடிக்கும்வரை நடத்துவதாக எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள்.

இலங்கையில் எப்படி? இங்கே வாசல் பதினாறு, பதினேழு வயதிலேயே இரண்டாகப் பிரிகிறது. சித்திரம் எடுத்த பிள்ளை கலைப்பிரிவிலிருந்து கொழும்பு கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்துக்கோ, யாழ்ப்பாணத்தில் இராமநாதனுக்கோ, மட்டக்களப்பில் விபுலானந்த நிறுவகத்துக்கோ போகலாம். கணிதம் எடுத்தவர் மொறட்டுவையில் திரவிய விஞ்ஞானத்துக்குள்ளால் மட்பாண்டத்தைத் தொடலாம். ஊவா வெல்லஸ்ஸவில் கனிய வளத் தொழினுட்பம் உண்டு. விஞ்ஞானம் எடுத்தவருக்குச் சூழல் விஞ்ஞானம் களனியிலும் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் கிடைக்கும். ஆகவே இங்கே படிப்பவருக்கு எங்கள் ஆலோசனை இது: ஆய்வுகூடமும் இரசாயனமும் தேவைப்படும் பாதியைப் பட்டமாக எடுங்கள். கைப்பழக்கம் வேண்டிய பாதியை ஒரு வனைகூடத்தில் விடுமுறைதோறும் பழகுங்கள். கைவேலையைப் பிறகு சேர்க்கலாம். உயர்தரத்தில் விட்ட இரசாயனத்தைப் பின்னர் பிடிப்பது கடினம். இப்போது பதினோராம் ஆண்டில் இருக்கும் தங்கைகள் பாடத் தெரிவுக்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு இடங்களைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய சில கேள்விகளை எங்கள் குழு ஒழுங்குபடுத்தியிருக்கிறது.

முதலில் பட்டத்தின் பெயர். அமெரிக்காவில் பி.எஃப்.ஏ. என்றால் படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கலைக்கூட வேலை, பி.ஏ. என்றால் ஏறத்தாழ மூன்றிலொன்று. இரட்டைப் பாடம் படிக்க நினைப்பவருக்கு இரண்டாவதே பெரும்பாலும் பொருந்தும். முதலாவதை எடுத்தால் நான்காண்டு ஐந்தாகலாம். அந்த ஓராண்டுச் செலவை இன்றே கணக்கிற் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நேரசூசி. கலைக்கூட வகுப்பும் பிற்பகலில், மூன்று மணித்தியாலம். களப்பயணமும் ஆய்வுகூடமும் பிற்பகலில், மூன்று மணித்தியாலம். இரண்டும் ஒரே நாளில் மோதும் இடத்தில், இரண்டு துறையும் இருந்தும் பயனில்லை. கடந்த தவணையின் நேரசூசியைக் கேட்டு வாங்கி ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். விளம்பரப் புத்தகம் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

மூன்றாவது, சூளையை யார் சுடுகிறார்? மாணவியே அடுக்கி, ஏற்றி, இரவு விழித்துச் சுடுகிறாளா, அல்லது பாண்டத்தைத் தட்டில் வைத்துவிட்டு வீடு போகிறாளா? மெருகைத் தானே நிறுத்துக் கலக்கிறாளா, வாளியில் வாங்கி வைத்ததைப் பூசுகிறாளா? சூழலைப் படிக்க வருபவருக்கு இந்த வேறுபாடே முழுப் பாடம். களி எங்கிருந்து வருகிறது, கழுவிய நீர் எங்கே போகிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். கற்பிப்பவருக்கு விடை தெரியாவிட்டால் அதுவும் ஒரு விடை.

நான்காவது, சுற்றாடற் கல்வி என்ற பெயருக்குள் என்ன இருக்கிறது? சில இடங்களில் அது சட்டமும் கொள்கையும். சில இடங்களில் மண், நீர், பாறை. எங்கள் தங்கையைப் போன்றவருக்கு மண்ணியலும் நீரியலும் உள்ள இடமே வேண்டும். கடைசி ஆண்டு ஆய்வை இரண்டு துறைக்கும் ஒன்றாகச் செய்ய விடுவார்களா என்றும், முன்னர் அப்படிச் செய்தவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது கேள்வி வைத்தியர்களாக நாங்கள் சேர்த்தது. காய்ந்த களித்தூசியில் சிலிக்கா உண்டு. மூச்சோடு ஆழமாக இறங்கும் அந்த நுண்துகள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் வடுவை ஏற்படுத்தும்; அந்த வடு மாறாது. பளிங்குச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணி என்று 1997 இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. ஆகவே கலைக்கூடத்தைப் பார்க்கப் போகும் பிள்ளை நிலத்தைப் பார்க்க வேண்டும். ஈரத் துடைப்பத்தால் துடைக்கிறார்களா, தும்புத்தடியால் கூட்டுகிறார்களா? தூள் கலக்கும் இடத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி இருக்கிறதா? ஈயம் கலந்த மெருகு இன்னும் அலுமாரியில் இருக்கிறதா? நெஞ்சுப் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்த பின்னர் எங்களிடம் வருவதைவிட, இருபது வயதில் இந்தக் கேள்விகளைக் கேட்பது மேல்.

கடைசியாகக் காசு. வெளிநாட்டு மாணவருக்கு எல்லாக் கல்லூரியும் உதவித்தொகை தருவதில்லை. தருபவையிலும் பல, உதவி கேட்டதையே அனுமதிக்கும்போது கணக்கில் எடுக்கும். அறிவித்த கட்டணத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், உதவித்தொகையின் பெரிய இலக்கத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். உதவியைக் கழித்து, விடுதி, காப்புறுதி, குளிராடை, பயணச் சீட்டு, களி, சூளைக் கட்டணம் எல்லாம் கூட்டி வரும் மிச்சத்தை நான்கால் பெருக்குங்கள். அமெரிக்க மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரையே வேலை செய்யலாம். அந்த வேலையைச் சூளைக் கூடத்திலேயே பெற்றால் படிப்பும் சேரும்.

படித்து முடித்த பின்? ஆரம்ப வருமானம் வைத்தியருடையதைப்போல் உறுதியாக இருக்காது. இதை மறைக்க மாட்டோம். ஆனால் வாசல்கள் உண்டு: நீர் வடிகட்டித் திட்டங்கள், ஓடு, பீங்கான் தொழிற்சாலைகளின் சூழல் மேற்பார்வை, அகழ்ந்த குழிகளை மீட்டெடுக்கும் வேலை, அரும்பொருளகப் பாதுகாப்பு, கற்பித்தல். எங்கள் வடக்கில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளைப் பார்த்தவர்களுக்கு, மண்ணை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்த ஒருத்தி தேவை என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வகுப்பு குப்பி விளக்கில் உயர்தரம் படித்த வகுப்பு. அன்று ஊருக்கு வைத்தியர் இல்லை. ஆகவே வைத்தியராகு என்றார்கள். ஊரின் தேவையைப் பார்த்துத்தான் எங்கள் ஆசிரியைகள் எங்களை வழிநடத்தினார்கள். இன்றும் அதே அளவுகோலைத்தான் கேட்கிறோம். இன்று ஊரின் தேவைப் பட்டியலில் நீரும் மண்ணும் மேலே ஏறிவிட்டன. புலமைப்பரிசில் விதியின் "மருத்துவம், பொறியியல் முதலான துறைகள்" என்ற சொற்களை எடுத்துவிட்டு, "எத்துறையாயினும்" என்ற ஒரு சொல்லை வைக்க வேண்டும் என்ற பிரேரணையை வரும் பொதுக்கூட்டத்தில் குழுவின் பெரும்பான்மையோர் முன்வைக்கிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு காசோலை எழுதச் சொல்லவில்லை. விண்ணப்பிப்பவர் ஓராண்டாவது கையாற் செய்த வேலையைக் காட்ட வேண்டும். நாங்கள் சொன்ன கேள்விகளுக்குக் குறைந்தது மூன்று இடங்களிலிருந்து பெற்ற விடைகளை இணைக்க வேண்டும். நான்காண்டுக் கணக்கை ஒரு தாளில் தர வேண்டும். மருத்துவம் படிக்கப் போகிறவரிடமும் இனி இதையே கேட்போம்.

எங்கள் தங்கையின் விண்ணப்பம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. பொதுக்கூட்டத்துக்கு நேரில் வர முடியாத பழைய மாணவிகள், எந்த நாட்டில் இருந்தாலும், கிளைச் சங்கத்தினூடாக உங்கள் வாக்கை அனுப்புங்கள். மேலே சொன்ன கல்லூரிகளுக்கு அருகில் வசிப்பவர்கள் ஒரு பிற்பகல் ஒதுக்கி, அந்தக் கலைக்கூடத்தின் நிலத்தை எங்களுக்காக ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். இங்கிருந்து எங்களால் செய்ய முடியாத உதவி அதுதான்.